மழை பெய்தா டாக்ஸிக்காரர் சீக்கிரம் வீட்டுக்குப் போயிடுவாராம்! பண்டிதர்களுக்கு ஒரு கேள்வி

மூணுசக்கரம் · காலை 7:52

நம்ம மன்றத்துல பக்கத்து இழையில (விவாதத்துல) நேத்து ராத்திரி எழில் ஒரு முத்து உதிர்த்திருக்கார். அப்படியே எடுத்துப் போடுறேன். அப்புறம் "நான் அப்படிச் சொல்லவே இல்லை"னு நழுவக் கூடாது பாருங்க:

"மழை நாளில் டாக்ஸி ஓட்டுநருக்கு மணிக்குக் கிடைக்கும் வருமானம் அதிகம். பகுத்தறிவோடு முடிவெடுப்பவன் அன்றைக்குக் கூடுதல் நேரம் ஓட்டுவான், ஈயோட்டும் நாளில் சீக்கிரம் கிளம்புவான். இவர்கள் தலைகீழ். மனசில் ஒரு தொகை வைத்திருப்பார்கள், அது சேர்ந்ததும் வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள். 1997-லேயே நியூயார்க்கில் நிரூபித்தாகிவிட்டது. நம் ஊர் ஆட்டோக்காரர்களும் விதிவிலக்கல்ல."

எங்கப்பா மெட்ராஸ்ல வாடகை ஆட்டோ ஓட்டித்தான் என்னை எம்.ஏ. எகனாமிக்ஸ் வரைக்கும் படிக்க வெச்சார். காலேஜ் லீவுல நானும் ஓட்டியிருக்கேன். ஒரே கேள்விதான். மழை நாள்ல வருமானம் அதிகம்னு எவன் சொன்னது?

கை காட்ற ஆள் அதிகம், அது நிஜம். ஆனா கை காட்ற ஆளெல்லாம் காசு இல்லை சார். துரைசாமி சுரங்கப்பாதையில தண்ணி நின்னுட்டா தி.நகர்ல இருந்து மேற்கு மாம்பலம் போக ஊரைச் சுத்தணும். பத்து நிமிஷ சவாரி முக்கால் மணி நேரம் இழுக்கும். சைலன்சர்ல தண்ணி ஏறி நடுரோட்ல வண்டி நின்னா அன்னிக்குக் கலெக்‌ஷன் மொத்தமும் மெக்கானிக்குக்கு. ரெண்டு பக்கமும் படுதாவை இறக்கிட்டா பின்னாடி பஸ் வருதா லாரி வருதான்னு தெரியாது. ஏறினவர் படுதா வழியா கையை நீட்டி லெஃப்ட் லெஃப்ட்னு கத்துவார், நீங்க கழுத்தை வெளிய நீட்டி ஓட்டணும். இதுல பகுத்தறிவு வேற.

நியூயார்க்குக்கே வருவோம். 2015-ல ஹென்றி ஃபார்பர்னு பிரின்ஸ்டன் பேராசிரியர் 2009-ல இருந்து 2013 வரைக்கும் அந்த ஊர் டாக்ஸி சவாரிகளோட மின்னணுப் பதிவை எடுத்து இதே கேள்வியை ஆராய்ஞ்சார். மழையில வண்டி காலியா சுத்துற நேரம் குறையுது, ஆனா ரோடு மெதுவாகுது, மணிக்குக் கிடைக்கிற வருமானம் ஏறவே இல்லை. ஏறாத வருமானத்தை விட்டுட்டு வீட்டுக்குப் போறவன் எப்படி முட்டாள் ஆவான்?

எழில் · காலை 8:40

காலையிலேயே கோபம். பரவாயில்லை.

நான் சொன்ன 1997 நியூயார்க் ஆய்வுக் கட்டுரையை எழுதியவர்கள் கேமரர், பாப்காக், லோவன்ஸ்டீன், தேலர் என்ற பொருளாதார அறிஞர்கள். தேலர் 2017-ல் நோபல் வாங்கியவர். அப்பா மீது மரியாதை உண்டு, ஆனால் ஒருவருடைய அப்பா தரவு ஆக மாட்டார்.

நியூயார்க் ஓட்டுநரை அவர்கள் ஏன் எடுத்தார்கள் தெரியுமா? மேலதிகாரி கிடையாது. 12 மணி நேர ஷிஃப்டுக்கு வாடகை கட்டி வண்டி எடுக்கிறார், எப்போது நிறுத்துவது என்பது அவர் இஷ்டம். ஒரு நாள் சவாரி நன்றாக இருந்தால் அந்த நாள் முழுக்க நன்றாக இருக்கும், மறுநாள் எப்படியிருக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. நல்ல நாளில் நீட்டி ஓட்டுவதுதான் ஏட்டுக் கணக்கு. அவர்கள் கண்டது நேர் எதிர். அனுபவம் குறைந்தவர்களிடம் இது இன்னும் அப்பட்டம். வருமானம் எந்த விகிதத்தில் ஏறியதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் நேரத்தைக் குறைத்திருக்கிறார்கள். அதாவது நாளுக்கு இவ்வளவு என்று குறி.

காரணமும் ரகசியமில்லை. உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-ல் சொன்னதுதான். மனிதன் மொத்தச் சொத்தைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு அதற்குக் கீழே போனால் நஷ்டமாகவும் மேலே போனால் லாபமாகவும் பார்க்கிறான். நஷ்டம் கடிக்கிற அளவுக்கு லாபம் இனிப்பதில்லை.

கோவை குசும்பு · காலை 8:47

நோபல் வாங்கினவர் மழையில ஆட்டோ புடிச்சுப் பார்த்திருக்காருங்களா? டவுட்டுங்க.

மூணுசக்கரம் · காலை 8:55

எழில், கேட்ட கேள்வி என்ன, சொன்ன பதில் என்ன? மழையில வருமானம் ஏறுதா இல்லையா? ஆமா இல்லைன்னு ஒரு வார்த்தை. நோபல் லிஸ்ட் கேட்கலை.

சந்தைவாசி · காலை 9:30

1997 கட்டுரையை இன்னும் தூக்கிட்டுத் திரியறவங்க இருக்காங்களா? அதோட அடிப்படைச் சிக்கலை எழில் கமுக்கமா விட்டுட்டார்.

அவங்க மணி வருமானத்தை எப்படிக் கணக்குப் போட்டாங்க? அன்னைய வசூலை அன்னைய நேரத்தால வகுத்து. நேரத்தைப் பதியறதுல சின்னப் பிழை இருந்தாலும் போச்சு. நேரம் கூடுதலா பதிவானா மணி வருமானம் தானா குறையும், நேரம் குறைவா பதிவானா தானா ஏறும். வருமானம் ஏறினா நேரம் குறையுதுங்கற எதிர்மறை உறவு அங்கேயே பொறந்துடுது. ஃபார்பர் 2005-லயே வேற வழியில பார்த்தார். ஒவ்வொரு சவாரி முடியும்போதும் "நிறுத்தலாமா, இன்னொண்ணு எடுக்கலாமா"ங்கிற முடிவு எதைப் பொறுத்ததுன்னு. பதில், பெரும்பாலும் அதுவரைக்கும் ஓட்டின மணி நேரம். சேர்ந்த காசு இல்லை. களைச்சவன் வீட்டுக்குப் போறான், அவ்வளவுதான்.

2015-ல அவரே முடிச்சு வெச்சுட்டார். வருமானம் ஏறினா ஓட்டுநர்கள் அதிகமாத்தான் ஓட்டறாங்க. புதுசா வந்து கணக்குத் தப்பா போடறவன் தொழிலை விட்டுப் போயிடறான், நிக்கறவன் சீக்கிரமே கத்துக்கறான். மனுஷன் பகுத்தறிவோட முடிவெடுப்பான்னு சொல்ற ரேஷனல் மாடல் வழக்கம்போல ஜெயிச்சிடுச்சு.

மூணுசக்கரம் அண்ணே, நல்வரவு நம்ம பக்கத்துக்கு.

மூணுசக்கரம் · காலை 9:41

உங்க பக்கத்துக்கு நான் வரலை தம்பி. துண்டைப் போட்டு இடம் பிடிக்க வேண்டாம்.

எங்கப்பனை முட்டாள்னு ஒருத்தர் சொல்றார், எங்கப்பனைக் கால்குலேட்டர்னு நீங்க சொல்றீங்க. ரெண்டு பேரும் அந்த சீட்ல உக்காந்ததில்லை.

எழில் · காலை 10:15

சந்தைவாசிக்கு: அந்த வகுத்தல் பிழையைக் கட்டுரையாளர்கள் அறியாதவர்கள் இல்லை. அதே நாள், அதே ஷிஃப்டில் ஓட்டிய மற்ற ஓட்டுநர்களின் வருமானத்தை வைத்துத் திரும்பக் கணக்கிட்டார்கள். அப்போதும் எதிர்மறையாகவே வந்தது. இதை நீங்கள்தான் கமுக்கமாக விட்டீர்கள்.

மூணுசக்கரத்துக்கு: மழை வெறும் உதாரணம். கட்டுரையின் வாதம் நல்ல நாள், மோசமான நாள் பற்றியது. சுரங்க ரயில் நின்றுபோகலாம், ஊரில் பெரிய மாநாடு நடக்கலாம், விடுமுறை வரலாம், வானிலை மாறலாம். மழையைப் பிடித்துத் தொங்காதீர்கள். அப்படித் தொங்கினாலும் உங்களுக்கு நஷ்டம்தான். மழையில் தெருவில் ஓடும் டாக்ஸி எண்ணிக்கை குறைகிறது என்று உங்கள் ஃபார்பரே எழுதியிருக்கிறார். குறைகிறதா இல்லையா?

மூணுசக்கரம் · காலை 10:22

ஆஹா. "மழை வெறும் உதாரணம்." நேத்து ராத்திரி முதல் வரியே மழை. இன்னிக்குக் காலைல மாட்டினதும் உதாரணம்.

டாக்ஸி குறையுது. வருமானம் ஏறலை. ரெண்டையும் அதே ஆள்தான் சொல்றார். நீங்க ஒண்ணை மட்டும் பொறுக்கறீங்க. தொகை சேர்ந்துடுச்சுன்னு அவன் போகலை சார், சேரவே இல்லையே! அதே காசுக்கு ரெண்டு மடங்கு பேஜார். கண்ணாடி மங்குது, எதிர்ல வர்றவன் ஹெட்லைட்டு கண்ணைக் குத்துது, ஏறினவன் நனைஞ்ச குடையை சீட்ல வைக்கிறான், அடுத்த சவாரி ஈரத்துல உக்கார மாட்டேங்குது. நியூயார்க்ல மழைக்காக மீட்டர் ரேட்டும் ஏறாது.

மறுபடி கேட்கறேன். மழையில மணிக்கு வருமானம் ஏறுதா இல்லையா?

மல்லிகா டீச்சர் · காலை 11:05

ஒரு நிமிஷம் எல்லாரும் நில்லுங்க. பகுத்தறிவுத் தேர்வுன்னா என்னன்னு யாருமே சொல்லாம அடிச்சுக்கறீங்க. அந்த மாடல் "காசை அதிகமாக்கு"ன்னு சொல்லவே இல்லை. எந்த ரெண்டைக் கொடுத்தாலும் எது வேணும்னு சொல்லத் தெரியணும். அ-வை ஆ-வை விட, ஆ-வை இ-யை விட விரும்பினா, அ-வை இ-யை விட விரும்பணும். அடிப்படை அவ்வளவுதான். ஓய்வை விரும்பறவர் ஓய்வெடுத்தா அது மாடலுக்கு எதிரி இல்லை. நல்ல நாள்ல ஓய்வு, மோசமான நாள்ல உழைப்புன்னு தலைகீழா பண்றாரா என்பதுதான் கேள்வி. அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1955-லயே இன்னொரு வழி காட்டினார், 1978-ல நோபலும் வாங்கினார். மனுஷன் எல்லா வழியையும் எடை போடறதில்லை, போதும்னு ஒரு அளவு வெச்சுக்கிட்டு அது கிடைச்சதும் தேடறதை நிறுத்தறான். கணக்குப் போடற நேரத்துக்கும் தலைவலிக்கும் விலை இருக்கு இல்லையா? முதல்ல எந்த அர்த்தத்துல பேசறோம்னு முடிவு பண்ணிக்கலாமே?

கோவை குசும்பு · காலை 11:09

டீச்சர் கிளாஸ் எடுக்கறாங்க, பெல் அடிச்சாச்சு, எல்லாரும் உக்காருங்க.

சந்தைவாசி · காலை 11:20

டீச்சர் சொன்னது சரிதான், ஆனா தேவையில்லாத சுத்து. 1953-ல பொருளாதார நிபுணர் ஃப்ரீட்மன் எழுதினதே போதும். பில்லியர்ட்ஸ் ஆடறவன் மனசுல சமன்பாடு போட்டா அடிக்கிறான்? இல்லை. ஆனா போட்ட மாதிரியே பந்து போகுது. டாக்ஸிக்காரருக்கும் அதேதான். கணிப்பு பலிச்சா போதும்.

மூணுசக்கரம் · காலை 11:34

இதான் எனக்குப் புடிக்காத ஜால வித்தை. அவன் வண்டியை நிறுத்தினா "ஓய்வை விரும்பினான், ரேஷனல்". ஓட்டினா "காசை விரும்பினான், ரேஷனல்". ஆக்ஸிடென்ட் ஆனா "ரிஸ்க்கை விரும்பினான்"னு சொல்லுவீங்க. எப்படிப் போட்டாலும் ஜெயிக்கிற கணக்கு கணக்கே இல்லை. எங்க ஸ்டாண்ட்ல ஒருத்தர் இப்படித்தான் சீட்டாடுவார், அவரை யாரும் ஆட்டத்துக்குச் சேர்க்கறதில்லை.

எழில் இன்னும் பதில் சொல்லலை. மழை?

ஜாக்சன்ஹைட்ஸ் · பகல் 12:48

இங்க நடுராத்திரி தாண்டிடுச்சு, தூக்கம் வரலை, அதனால எழுதறேன். நான் நியூயார்க்ல குவீன்ஸ் பகுதியில இருக்கேன். எங்க தெருவுல மஞ்சள் டாக்ஸி ஓட்டறவங்க நிறைய பேர், பெரும்பாலும் பங்களாதேஷ், பஞ்சாப் ஆட்கள்.

நீங்க எல்லாரும் விட்ட ஒரு விஷயம், ஷிஃப்ட் மாத்தற நேரம். காலை 5-ல இருந்து மாலை 5 வரைக்கும் ஒருத்தர், அப்புறம் இன்னொருத்தர். கராஜ் நிறைய இருக்கறது பாலத்துக்கு இந்தப் பக்கம், லாங் ஐலண்ட் சிட்டியில. நாலு மணியில இருந்தே மன்ஹாட்டன்ல வண்டி குறைய ஆரம்பிச்சிடும், முன்னெல்லாம் கூரையில "ஆஃப் ட்யூட்டி" (சவாரி எடுக்க மாட்டேன்) விளக்கும் எரியும். வண்டியை லேட்டா கொண்டுபோய் விட்டா அடுத்த ஷிஃப்ட்காரன் நிக்க வெச்சுக் கேள்வி கேட்பான். அந்த நேரத்துல மழை பெஞ்சா ஆபீஸ்ல இருந்து இறங்கி நிக்கிறவனுக்கு "மழைன்னா டாக்ஸியே வராது"ன்னு தோணும். மழை பெய்யாத நாள்லயும் அஞ்சு மணிக்கு வராதுங்க. இவன் கவனிக்கறது நனைஞ்ச நாளை மட்டும்தான். முட்டாள்தனத்தைத் தேடறவங்க டாக்ஸிக்குள்ள பார்க்கறதுக்கு முன்னாடி பிளாட்பாரத்தையும் பார்க்கலாம்.

எழில் · பகல் 1:15

வெளிநாட்டிலிருந்து ஒருவர் தெருவில் பார்த்ததை எழுதினால் அது ஆய்வு. நோபல் வாங்கியவர் எழுதினால் ஏட்டுச் சுரைக்காய். நல்ல நியாயம்.

ஜாக்சன்ஹைட்ஸ் · பகல் 1:21

நான் ஆய்வுன்னு சொன்னேனா? வெளிநாட்டுலன்னா என்ன சார் மட்டம்? நீங்க எடுத்துப் போடற கட்டுரையும் இந்த ஊரைப் பத்தினதுதானே?

மதுரை மச்சான் · பகல் 1:40

எழில் அண்ணே வந்திருக்காக போல. ஒரு பழைய பாக்கி இருக்கு. 2019-ல, தங்கம் கிராம் மூவாயிரத்தைச் சுத்தி இருக்கறப்ப, "நகை வாங்குவது உணர்ச்சிவசப்பட்ட முடிவு, செய்கூலி சேதாரம் எல்லாம் கணக்குப் போட்டால் நஷ்டம்"னு இங்க பக்கம் பக்கமா எழுதினாக. நம்பி வீட்டம்மாகிட்ட வாதாடி நகைச்சீட்டை நிறுத்தினேன். இப்ப விலை என்னான்னு அவ தினமும் காலையில பேப்பரைப் பார்த்து வாசிச்சுக் காட்டுறா. பகுத்தறிவு யாருக்கு இருந்துச்சு, எனக்கா அவளுக்கா?

எழில் · பகல் 1:58

இழைக்குச் சம்பந்தமில்லாதது. இருந்தாலும் சொல்கிறேன். ஒரு முடிவு சரியா தவறா என்பதை அது எடுக்கப்பட்டபோது கையில் இருந்த தகவலை வைத்து அளக்க வேண்டும். பின்னால் வந்த விலையை வைத்து அளப்பதே ஒரு மனப்பிழை. நான் 2019-ல் சொன்னது 2019-க்குச் சரி.

மதுரை மச்சான் · பகல் 2:03

இதை அப்படியே என் வீட்டம்மாகிட்ட வந்து சொல்லுங்கண்ணே. அட்ரஸ் தனிமடல்ல அனுப்புறேன்.

தோழர் செங்கொடி · பகல் 2:30

ஓட்டுநர் முட்டாளா, கணக்கரா என்று இரண்டு முகாம். வண்டி யாருடையது என்ற கேள்வி எந்த முகாமிலும் இல்லை. நியூயார்க்கில் மெடாலியன் என்ற உரிமத் தகடு இல்லாமல் மஞ்சள் டாக்ஸி ஓட்ட முடியாது. 2014 வாக்கில் ஒரு தகடு 10 லட்சம் டாலரைத் தாண்டி விற்றது. இதைவிடப் பத்திரமான முதலீடு இல்லை என்று சொல்லி, சம்பளத்தில் கட்டி முடிக்கவே முடியாத கடனைப் புலம்பெயர்ந்த தொழிலாளிகள் தலையில் கட்டினார்கள். ஆப் டாக்ஸிகள் வந்தன. 2018-க்குள் அதே தகடு 2 லட்சத்துக்கும் கீழே. அந்தக் கடனைக் கொடுத்தவர்கள் கோட்டு சூட்டு போட்ட கணக்கு நிபுணர்கள். அவர்களுடைய பகுத்தறிவைப் பற்றி இப்படி யாராவது சவாரி சவாரியாக ஆராய்ந்தார்களா?

சந்தைவாசி · பகல் 2:41

தோழர் வந்துட்டார், இனி மழை பெஞ்சாலும் முதலாளித்துவம்தான் காரணம். தகடு விலை ஏன் 10 லட்சம் போச்சு? அரசாங்கம் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினதால. சந்தையை விட்டிருந்தா ஏறியிருக்கவே ஏறியிருக்காது.

தோழர் செங்கொடி · பகல் 2:50

தகடுகளை ஏலம் விட்டு விலையை ஊதியதில் நகர நிர்வாகத்துக்கும் பங்கு உண்டு என்பதை நானே சொல்வேன். அதற்காகக் கடன் கொடுத்தவனைச் சந்தையின் தேவதூதனாக்க வேண்டாம். நீச்சல்குளம் பற்றிய பழைய இழையில் நீங்கள் போட்ட பின்னூட்டம் இன்னும் இருக்கிறது, எடுத்துப் போடட்டுமா?

சந்தைவாசி · பகல் 2:52

போடுங்க. பயமில்லை.

வாசுகி · மாலை 4:10

முதல்முறையா எழுதறேன், தப்பா எடுத்துக்காதீங்க. 2021-ல தக்ரால், டோ என்கிற ரெண்டு பேர் இதே நியூயார்க் டாக்ஸித் தரவை வெச்சு எழுதின ஆய்வு ஒண்ணு இருக்கு. அவங்க பார்த்தது, காசு ஷிஃப்டோட எந்தக் கட்டத்துல வந்ததுங்கறதை. சேர்ந்த வருமானம் கூடினா ஓட்டுநர் சீக்கிரம் நிறுத்தறார், ஆனா கடைசியா வந்த காசுக்குத்தான் அந்த பாதிப்பு அதிகம். காலையிலேயே எதிர்பாராம ஒரு நல்ல சவாரி வந்திருந்தா சாயந்திரத்துக்குள்ள அது பழகிப் போயிடுது. நிறுத்தற முடிவை அது அவ்வளவா தொடறதில்லை. கடைசி நேரத்துல வந்தா "போதும், கிளம்பலாம்"னு தோணுது. குறி இருக்கு, ஆனா நாள் முழுக்க ஒரே இடத்துல நிக்கறதில்லை, பின்னாடியே நகர்ந்து வருது. இதனால எழில் சார் சொல்றதும் சந்தைவாசி சார் சொல்றதும் ஒரே தரவுல ஒண்ணா உக்கார முடியும்னு அவங்க சொல்றாங்க.

எழில் · மாலை 4:18

நன்றி வாசுகி. பார்த்தீர்களா? குறி இருக்கிறது. இதைத்தான் காலையிலிருந்து சொல்கிறேன்.

சந்தைவாசி · மாலை 4:19

நன்றி வாசுகி. பார்த்தீங்களா? குறி நகருது, அதாவது கத்துக்கறான். நான் சொன்னதும் அதான்.

மூணுசக்கரம் · மாலை 4:45

வாசுகிம்மா, நல்லா எழுதறீங்க, அடிக்கடி வாங்க. ஆனா அந்த ஆய்வுல மழையைப் பத்தி எதுவும் இருக்கா? என் கேள்வி மழை. ஒருத்தர் மழையை வெச்சு என் தொழிலைக் கேவலப்படுத்தினார், அதுக்கு இன்னும் பதில் வரலை.

குறி குறின்னு ஆளாளுக்குச் சொல்றீங்களே, எங்கப்பாவுக்கு இருந்த குறி என்ன தெரியுமா? ராத்திரி வண்டியை விடும்போது ஓனர் கையில வாடகையை எண்ணி வைக்கணும். கேஸ் ரொப்பி விடணும். மிச்சத்துலதான் வீட்டுக்கு அரிசி. வாடகை தேறாத நாள்ல அவர் கண்ணு சிவந்து போற வரைக்கும் ஓட்டுவார். சென்ட்ரல் வாசல்ல கடைசி ரயிலுக்குக் காத்திருப்பார். ரெண்டு சூட்கேஸோட ஒரு குடும்பம் வெளிய வந்தா அது வாடகை, வெறுங்கையோட ஒருத்தர் வந்தா அது டீ. தேறின நாள்ல, ஆமா, வீட்டுக்கு வந்துடுவார். அதை நீங்க மனப்பிழைங்கறீங்க. நஷ்டம் கடிக்குதுன்னு 1979 எடுத்துக் காட்டறீங்க. வாடகை பாக்கி வெச்சா மறுநாள் சாவி கிடைக்காது சார். அந்தக் கடி மனசுல இல்லை.

எழில் · மாலை 5:20

தேறிய நாளில் வீட்டுக்கு வந்துவிடுவார். நீங்களே எழுதிவிட்டீர்கள். நன்றி, வேறு சாட்சி வேண்டாம்.

பணத் தட்டுப்பாட்டைப் பற்றி அந்தக் கட்டுரையே பேசுகிறது, படிக்காமல் பேசாதீர்கள். அதுவும் வேண்டாமா, சுவிட்சர்லாந்தின் ஸூரிச்சுக்குப் போவோம். ஃபேர், கோட்டே இருவரும் 2007-ல் வெளியிட்டது. சைக்கிளில் தபால் கொண்டுபோகும் ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்கு நாலு வாரத்துக்குக் கமிஷனை 25 சதவீதம் கூட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு ஷிஃப்டுக்குள்ளும் உழைப்பு சுமார் 6 சதவீதம் குறைந்தது. ஓனரும் இல்லை, சாவியும் இல்லை.

சந்தைவாசி · மாலை 5:27

பாதிதான் சொல்றார் பாருங்க. அதே ஆய்வுல கமிஷன் ஏறினவங்க எத்தனை ஷிஃப்ட் கூடுதலா எடுத்தாங்க? கணிசமா. மொத்த உழைப்பு ஏறிச்சா இறங்கிச்சா? ஏறிச்சு. இவ்வளவு மிதிச்சா ஷிஃப்டுக்குள்ள 6 சதவீதம் குறையாதா, கால் வலிக்காதா?

மூணுசக்கரம் · மாலை 5:31

ஸூரிச்சுல மழை பெஞ்சுதா?

கோவை குசும்பு · மாலை 5:33

😂😂 இன்னிக்கு இது போதுமுங்க.

மல்லிகா டீச்சர் · மாலை 6:02

நான் காலையில கேட்ட வரையறையை யாரும் தொடவே இல்லை.

மெட்ரோவாசி · மாலை 6:30

இவ்வளவு பேசற மூணுசக்கரத்துக்கு ஒரு சின்னக் கேள்வி. மழையில வருமானம் ஏறாதுன்னா, தூறல் போட்டதுமே "மழை சார், மேல போட்டுக் குடுங்க"ன்னு கேட்கறது யாரு? 2013-ல அரசாங்கம் மீட்டர் ரேட் போட்டுச்சு. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபா, அப்புறம் கிலோமீட்டருக்கு 12. ஒருத்தராவது மீட்டர் போட்டாங்களா? போன வாரம் எழும்பூர்ல இருந்து புரசைவாக்கத்துக்கு 300 கேட்டார் ஒருத்தர். உங்க பகுத்தறிவு ரொம்ப நல்லாத்தான் வேலை செய்யுது.

எழில் · மாலை 6:34

மெட்ரோவாசிக்கு நன்றி. இதற்கு மூணுசக்கரம் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.

மூணுசக்கரம் · மாலை 6:58

வந்துட்டாங்கய்யா. எந்த இழை ஆரம்பிச்சாலும் கடைசியில ஆட்டோக்காரன் கொள்ளைக்காரன்ல வந்து நிக்கணும்.

2013 ரேட் அப்புறம் எத்தனை வருஷம் அப்படியே கிடந்துச்சு, பெட்ரோல் விலை எங்க போச்சு, அதைச் சொல்லுங்க முதல்ல. உங்க ஆபீஸ்ல 2013 சம்பளத்துக்கு வேலை பார்ப்பீங்களா? மழையில 300 கேட்டார்னா திரும்பி வரும்போது சவாரி கிடைக்காது, தண்ணியில காலியா வரணும். அதுவும் உங்க தலையிலதான் விழும். அதே மழையில ஆப்ல டபுள் ரேட் காட்டினா வாயைத் திறக்காம கட்டறீங்க, அது "டிமாண்டு". நாங்க வாயால கேட்டா அடாவடி.

சந்தைவாசி · மாலை 7:03

இது பாயிண்ட். மழையில விலை ஏறினாத்தான் வண்டி வரும். அண்ணே, நீங்க சொல்றதுதான் சந்தைப் பொருளாதாரம். இப்பவாவது நம்ம பக்கம்...

மெட்ரோவாசி · மாலை 7:05

அப்ப மழையில காசு ஏறுதுன்னு ஒத்துக்கறீங்க?

மூணுசக்கரம் · மாலை 7:12

கேட்கறது வேற, கிடைக்கறது வேற. 300 கேட்டார்னு சொன்னீங்க, குடுத்தீங்களா? இல்லை, பஸ் ஏறிட்டீங்க. அந்த 300 எந்தக் கலெக்‌ஷன்ல வரும்?

எழில் · மாலை 7:15

இதோ. இப்போது புதிதாக "கேட்பது, கிடைப்பது". காலையில் ஃபார்பர், மாலையில் அப்பா, இப்போது இது.

நிர்வாகி 2 · மாலை 7:40

தனிநபர் தாக்குதல் வேண்டாம். மெடாலியன் விவாதத்தையும் தங்க விலையையும் தனி இழைக்கு நகர்த்துகிறேன். நீச்சல்குள இழையை யாரும் தோண்ட வேண்டாம், அது ஏற்கெனவே பூட்டப்பட்டது.

தோழர் செங்கொடி · மாலை 7:44

மெடாலியனை நகர்த்துவது அரசியல். மழை இருக்கலாம், முதலாளி இருக்கக் கூடாதா?

மதுரை மச்சான் · மாலை 7:46

தங்கத்தை எங்க நகர்த்துனாலும் விலை ஏறத்தான் செய்யும் அண்ணே.

மூணுசக்கரம் · இரவு 8:05

நிர்வாகி ஐயா, என் கேள்வியை நகர்த்திடாதீங்க. எழில் இதுவரைக்கும் நோபல், நியூயார்க், ஸூரிச்சுன்னு மூணு தடவை ஊரைச் சுத்திட்டார், மழைக்கு மட்டும் ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. மெட்ரோவாசிக்கு மீட்டர் கணக்கு தனியா போடறேன். கேஸ், வாடகை, டியூ, இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் வரி வரியா. இப்ப சாப்பாட்டுக் கடை, எழுந்து போகணும். பத்து மணிக்கு மேல வர்றேன், அதுவரைக்கும் பூட்டாதீங்க.

எழில் · இரவு 8:09

வாருங்கள். நானும் அந்த 1997 கட்டுரையின் அட்டவணைகளைப் படம் எடுத்து வைக்கிறேன். மழைக்கும் தனிப் பத்தி உண்டா என்று பார்த்துவிடலாம்.

மூணுசக்கரம் · இரவு 8:11

இன்னும் பார்க்கவே இல்லையா?!